கால்மேல் கால்: அக்கா இளைத்தபோது நடந்தவை

2023 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "ஏட்டி, இடது கால் செருப்பு நிக்கவே மாட்டேங்கு. நடந்தா கழண்டு கழண்டு போகுது. வார் பிஞ்சிட்டோன்னு பாத்தேன், செருப்பு நல்லாத்தான் இருக்கு. காலுதான் செருப்பைப் பிடிக்க மாட்டேங்கு." பின்னால் அத்தானின் குரல் கேட்டது: "வாதமா இருக்குமோன்னு கேளு."

அரை மணி நேரத்தில் அவள் வீட்டில் இருந்தேன். முகம் கோணவில்லை. பேச்சு குழறவில்லை. என் விரல்களை நெரிக்கச் சொன்னேன், இரண்டு கையிலும் ஒரே பிடி. ஆனால் குதிகாலை ஊன்றிக்கொண்டு முன்பாதத்தைத் தூக்கு என்றதும் வலது பாதம் எழுந்தது, இடது பாதம் ஈரத்துணி போலக் கிடந்தது. கட்டைவிரல் மட்டும் லேசாகத் துடித்தது. அன்று இரவே மருத்துவரிடம் காட்டினோம்.

நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். அக்கா பிளஸ் டூ கணக்கு டீச்சர், அப்போது வயது 47. அதற்குப் பத்து மாதம் முன்பு 91 கிலோ இருந்தவள் அன்றைக்கு 65 கிலோ. அவளைப் பாராட்டாத ஆள் எங்கள் குடும்பத்தில் இல்லை. நானும்தான் பாராட்டினேன். 2022 ஜூன் முதல் 2024 நவம்பர் வரை அவள் உடம்புக்குள்ளும் அவளைச் சுற்றியும் நடந்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்த்து அவள் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள், அது பெரிய உதவி. பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

தொடங்கிய இடம்

அக்கா கல்யாணத்துக்கு முன்பே பூசினாற்போல இருப்பாள். இரண்டு பிரசவம், உட்கார்ந்து திருத்தும் நோட்டுகள், சாயங்காலம் டீயோடு பஜ்ஜி, இப்படியே இருபது வருடம் போயிற்று. உயரம் 158 செ.மீ. எடை 91 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை எண் 36.5. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என இரண்டு மாத்திரை, பிரஷருக்கு ஒன்று. மாடியில் வகுப்பு இருக்கும் நாளில் மூட்டுவலித் தைலத்தைக் கைப்பையிலேயே வைத்திருப்பாள். தமிழ்நாட்டில் இது அபூர்வமான நிலை இல்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு உடல் நிறை எண் 25 அல்லது அதற்கு மேல், அதாவது இருக்க வேண்டியதைவிடக் கூடுதல் எடை.

எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். சரியான அறிவுரைதான். எந்த வேகத்தில் குறைப்பது, குறையக் குறைய எதையெல்லாம் கவனிப்பது என்று பேச அந்த ஐந்து நிமிடம் போதவில்லை. அக்கா தானே ஒரு திட்டம் போட்டாள். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறும் காயும், ராத்திரி வெள்ளரிக்காயும் மோரும். விடியற்காலை ஐந்து மணிக்கு வ.உ.சி. மைதானத்தில் நடை. ஜூனில் 91, ஆகஸ்டில் 81, டிசம்பரில் 74, ஏப்ரலில் 65. முதல் இரண்டு மாதத்தில் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கும் மேலே போயிருக்கிறது. பருப்பு, பயறு, முட்டை எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. நோயாளிகள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. சொந்த அக்காவிடம் விட்டுப்போயிற்று.

கால் விழுவதற்கு முன்பு

நல்ல மாற்றங்கள் முதலில் வந்தன. மூட்டுவலி பாதியாகக் குறைந்தது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது. அப்படியானால் பத்துக் கிலோ போனதில் முழங்காலுக்கு எவ்வளவு நிம்மதி என்று அக்காவே கணக்குப் போட்டுச் சொன்னாள். குறட்டையும் நின்றுபோனது. இருபத்துமூன்று வருடம் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய அத்தான், வீடு திடீரென்று அமைதியானதும் பயந்துவிட்டார். ராத்திரி இரண்டு முறை எழுந்து அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

அப்புறம்தான் யாரும் எதிர்பார்க்காதவை தொடங்கின. வாசலில் குனிந்து கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். வேறொரு நாள் பதினொன்றரை மணி வகுப்பில் கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. ஒரு மாணவி கொடுத்த மிட்டாயை வாயில் போட்டதும் தெளிந்தது. காரணம் எளிதானது. 91 கிலோ உடம்புக்கு எழுதிய மாத்திரைகளை 78 கிலோ உடம்பு விழுங்கிக்கொண்டிருந்தது. எடை இறங்கும்போது ரத்த அழுத்தமும் இறங்கும், சர்க்கரையும் இறங்கும். மாத்திரை அதே அளவில் இருந்தால் இரண்டும் தேவைக்குக் கீழே போய்விடும். கிளிமிபிரைடு, வேளைக்குச் சரியாகச் சாப்பிடாதவர்களுக்குச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடிய மருந்து. அன்றைக்குப் பிரஷர் பார்த்ததில் 98/60. டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்தினார், பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கினார். இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் செய்ய வேண்டிய வேலை. ஆனால் எடை குறைகிறது என்று அவருக்குத் தெரிவிப்பது நம் வேலை.

செப்டம்பரில் முடி கொட்டத் தொடங்கியது, சீப்பு நிறைய. உடம்பு ஒரு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தால் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை ஒன்றாக உதிரும். அதனால்தான் காரணம் ஜூனிலும் விளைவு செப்டம்பரிலும் இருக்கும், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அக்கா மூன்று எண்ணெய் மாற்றிப் பார்த்தாள். எட்டாவது மாதம் முடி தானே முளைத்துவிட்டது, புகழ் மூன்றாவது எண்ணெய்க்குப் போனது.

குளிர் இன்னொன்று. திருநெல்வேலி வெயிலில் ஃபேனைக் குறைக்கச் சொல்லும் ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன். தோலுக்கு அடியில் கம்பளி போல இருந்த கொழுப்பு போய்விட்டது, சாப்பாடு குறைந்ததால் உடம்பும் சூட்டைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. மர நாற்காலியில் உட்கார்ந்தால் உட்காரும் எலும்பு வலித்தது, ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு மெத்தை கொண்டுபோனாள். இந்த இரண்டையும் கேட்டபோது எனக்குப் பழைய ஆய்வு ஒன்று ஞாபகம் வந்தது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் தொடங்கியது. போருக்குப் போக மனச்சாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள், பட்டினியில் வாடிய மக்களை மீட்க வழி தெரிய வேண்டும் என்று, தாங்களாகவே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் கால்பங்கு குறைந்தது. கோடைகாலத்தில் அவர்கள் போர்வை கேட்டார்கள். உட்காரத் தலையணையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். சிரிப்பும் கூட்டத்தில் சேரும் ஆசையும் குறைந்தது. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரித்து விடிய விடியப் படித்தார்கள். அவர்கள் இயல்பான எடையில் தொடங்கியவர்கள், அக்காவுக்கோ சேமிப்பு நிறைய இருந்தது, ஆகவே இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது. ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்கு வெள்ளரிக்காய் சாப்பிட்டுவிட்டுப் போனில் பிரியாணி வீடியோ பார்த்துக்கொண்டிருந்த அக்காவை நினைத்தால், அந்த 36 பேரும் எனக்கு அந்நியர்களாகத் தெரியவில்லை.

இடது கால்

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

பாதம் தொங்கினால் முதலில் மூன்று இடத்தைச் சந்தேகப்பட வேண்டும்: மூளை, இடுப்புத் தண்டுவடம், காலுக்குள் ஓடும் நரம்பு. முகமும் கையும் பேச்சும் சரியாக இருந்ததாலும் பலவீனம் பாதத்தில் மட்டும் இருந்ததாலும் வாதம் என்ற பயம் சீக்கிரமே விலகியது. இடுப்பு வலி இல்லை. காலை நீட்டியபடி மேலே தூக்கினாலும் பின்தொடையில் இழுப்பு இல்லை. இடது பாதத்தை மேலே தூக்கும் பலம் ஐந்துக்கு இரண்டு, கட்டைவிரலைத் தூக்கும் பலம் ஐந்துக்கு ஒன்று, வெளிப்பக்கம் திருப்பும் பலம் மூன்று. உள்பக்கம் திருப்பும் பலம் மட்டும் முழுசாக இருந்தது. இதுதான் முக்கியமான துப்பு. இடுப்பில் நரம்பு வேர் நசுங்கியிருந்தால் உள்பக்கம் திருப்புவதும் பலம் குறைந்திருக்கும். பாதத்தின் மேல்பகுதி மரத்திருந்தது. முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, சின்னக் குமிழ் போல ஓர் எலும்பு தட்டுப்படும். அங்கே விரலால் தட்டியதும் அக்காவுக்குப் பாதம்வரை மின்சாரம் பாய்ந்தது.

அந்தக் குமிழைச் சுற்றித்தான், பாதத்தைத் தூக்கும் தசைகளை இயக்கும் பெரோனியல் நரம்பு வளைந்து போகிறது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே, காவலே இல்லாத இடம். அங்கே கொஞ்சம் கொழுப்பு மெத்தை போலப் படிந்திருக்கும். வேகமாக எடை குறைந்தால் அந்த மெத்தையும் கரைந்துபோகும். நரம்பியல் மருத்துவர் நரம்பு மின்கடத்தல் சோதனை செய்தார். மின்னோட்டம் சரியாக அந்த இடத்தில்தான் தடைபட்டது. உணர்வு நரம்பின் சமிக்ஞை நன்றாக இருந்தது. நரம்பு அறுபடவில்லை, அழுந்தியிருக்கிறது, அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு அழுத்தத்தைத் தாங்காது என்பதாலும், மெட்ஃபார்மின் நாள்பட எடுத்தால் நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 குறையலாம் என்பதாலும் அதையும் பார்த்தோம். பி12 சற்றுக் குறைவாகத்தான் இருந்தது, ஊசி போடப்பட்டது.

எது அழுத்தியது என்று கேட்டபோது அக்கா முதலில் தெரியவில்லை என்றாள். அந்த வாரம் முழுதும் என்ன செய்தாய் என்று கேட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். எட்டு நாள், காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே நாற்காலி.

"எப்படி உட்கார்ந்திருந்த?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "கால்மேல் கால் போட்டு."

அதற்கு முன்னால் அவளால் அப்படி உட்கார முடிந்ததே இல்லை. தொடை இடம் கொடுக்காது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் பெண்பிள்ளை கால்மேல் கால் போடக் கூடாது என்ற சட்டம் வேறு, ஆனால் அவளுக்கு அந்தச் சட்டம் தேவைப்பட்டதே கிடையாது. ஜனவரியில் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் தற்செயலாக இடது காலை வலது தொடைமேல் போட்டுப் பார்த்தாள். போனது, அப்படியே நின்றது. "எனக்கு அழுகையே வந்துட்டுட்டி" என்றாள். அதிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எடை குறைத்ததில் அவளுக்கென்று கிடைத்த சின்ன சந்தோஷம் அது. அதிலேயே மேலே கிடந்த காலின் நரம்பு எதிர் முழங்காலில் மணிக்கணக்காக நசுங்கியது.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கால்மேல் கால் போடுவதால் இந்த நரம்பு செயலிழப்பதை மேயோ கிளினிக்கின் ஹென்றி வோல்ட்மன் 1929இலேயே எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரின் கைதி முகாம்களில் இளைத்துப்போனவர்களிடமும் பாதத் தொய்வு பதிவாகியிருக்கிறது. எடை குறைப்பவர்களின் வாதம் என்றே ஒரு பெயர் மருத்துவத்தில் உண்டு. நானும் படித்திருக்கிறேன். ஆனால் ஜனவரியில் அக்கா என் முன்னால் கால்மேல் கால் போட்டுக் காட்டியபோது நான் கைதட்டினேன்.

சிகிச்சையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கால்மேல் கால் கூடாது. குத்தவைப்பதும், நெடுநேரம் சம்மணம் போடுவதும், ஒரு முழங்காலை மடக்கி அரிவாள்மணையில் உட்காருவதும் சில மாதம் கூடாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. பாதத்தைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதற்குள் நுழையும் ஷூ. கெண்டைக்கால் இறுகிவிடாமல் தினமும் இழுப்புப் பயிற்சி. எடைக் குறைப்பை மூன்று மாதம் நிறுத்தினோம், ஒவ்வொரு வேளையிலும் பருப்போ பயறோ முட்டையோ சேர்த்தோம். மூன்றாம் வாரம் கட்டைவிரல் அசைந்தது. ஏழாம் வாரம் பலம் ஐந்துக்கு நான்கு. பன்னிரண்டாம் வாரம் குதிகாலால் நடந்து காட்டினாள்.

ஊர் என்ன சொன்னது

உடம்பின் கதை இத்தனை பக்கம் பிடித்தாலும் அக்காவை அதிகம் அலைக்கழித்தது இது அல்ல.

தமிழில் எடை குறைவதற்கு நாம் சொல்லும் சொல் இளைத்தல். அதே சொல்லுக்குச் சோர்ந்துபோதல், தோற்றுப்போதல் என்றும் பொருள் உண்டு. "நான் என்ன அவனுக்கு இளைச்சவனா?" என்று கேட்கிறோம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிறோம். இளைப்பு என்றாலே மூச்சுவாங்கும் நோய். காசநோய்க்கு எலும்புருக்கி என்று பேர் வைத்த ஊர் இது. சென்னையில் 1986இல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு, ஒருவர் திடீரென மெலிந்தால் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்ட காலம் ஒன்றும் இருந்தது. ஆகவே அக்காவைப் பார்த்து யாரும் "எப்படிக் குறைச்ச?" என்று முதலில் கேட்கவில்லை. "உடம்புக்கு என்ன?" என்றுதான் கேட்டார்கள். காய்கறிக் கடையில், கோயிலில், கல்யாண வீட்டில். "மெலிஞ்சு போயிட்டியளே, சுகரா?" "ஸ்கேன் எடுத்துப் பாத்தியளா?" ஒருவர் அவளை விட்டுவிட்டு அத்தானைத் தனியே கூப்பிட்டு, எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

இவ்வளவுக்கும் அப்போது அவள் உடல் நிறை எண் 26. இந்தியர்களுக்கென்று வகுத்த அளவுகோலில் 25க்கு மேல் போனாலே உடற்பருமன். புத்தகக் கணக்கில் அவள் இன்னும் பருமன், தெருவின் கணக்கில் நோயாளி.

இதில் அடிபட்டது அத்தை, அக்காவின் மாமியார். 74 வயது. "மருமவளுக்குச் சோறு போடுதியளா இல்லையா?" என்று ஒரு பெண் கோயிலில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த அத்தை அன்றிலிருந்து அக்கா தட்டில் ஒரு கரண்டி சோறு கூடவே வைக்கத் தொடங்கினார். அக்கா அதை எடுத்துவைப்பாள், அத்தை முகம் சுருங்கும். வெளியிலிருந்து பார்த்தால் மாமியார் கொடுமை. உண்மையில், தான் வளர்த்த குடும்பம் பசியில் வாடுகிறது என்ற பழியை அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. இதை அக்கா புரிந்துகொள்ள ஆறு மாதம் ஆயிற்று.

ஆடி அமாவாசைக்குக் குறுக்குத்துறையில் குளித்துவிட்டுக் கரையேறிய பிறகுதான், வலது கால் மெட்டி தாமிரபரணியோடு போனது தெரிந்தது. உடம்பு இளைக்கும்போது பாதமும் விரலும் இளைக்கும். மோதிரம் ஏற்கெனவே கழன்று பீரோவுக்குள் போயிருந்தது, செருப்பு ஓர் அளவு குறைந்திருந்தது. ஆனால் மெட்டி அப்படியில்லையே. சுமங்கலியின் மெட்டி ஆற்றோடு போவதைத் தொலைந்த பொருளாக மட்டும் எடுத்துக்கொள்ள எங்கள் வீடுகளில் யாராலும் முடியாது. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் விளக்கேற்றினார். நான்காம் நாள் புது வெள்ளி மெட்டி வாங்கிவந்து, உள்பக்கம் நூலைச் சுற்றி இறுக்கி, அக்காவைக் கட்டிலில் உட்காரவைத்துத் தானே தரையில் உட்கார்ந்து போட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கூடுதல் கரண்டி சோறு நின்றது.

அத்தான் விஷயம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் டவுனிலிருந்து அரைக் கிலோ அல்வா வாங்கிவருவார். அதிகம் பேசாத மனிதர், அந்தச் சூடான பொட்டலம்தான் அவருடைய பேச்சு. அக்கா வேண்டாம் என்று சொன்ன மூன்றாவது சனிக்கிழமை அவர் வெறுங்கையோடு வந்தார். அந்த வெறுங்கையை அவள் அப்போது கவனிக்கவில்லை. கால் விழுந்து வீட்டில் படுத்திருந்தபோதுதான் கேட்டாள். "நீதான் வேண்டாம்னுட்ட" என்றார். இப்போது நூறு கிராம் வாங்கிவருகிறார். அவள் இரண்டு ஸ்பூன் சாப்பிடுகிறாள்.

பஸ் கதையை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறைதான். ஜங்ஷனிலிருந்து பாளைக்கு வரும் டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட். இருபது வருடமாகப் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும், பையை வைத்துக்கொள்வாள். ஒருநாள் ஒரு காலேஜ் பெண் ஏறி, எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, போனைப் பார்க்க ஆரம்பித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்கா அழுதிருக்கிறாள். "பஸ்ஸு காலியா இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். எல்லாரும் என் பக்கத்துல உக்காராம நின்னுட்டு வந்திருக்காங்க."

அதோடு இன்னும் சில சேர்ந்துகொண்டன. ஜவுளிக்கடையில் பணிப்பெண் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டே புடவை விரித்தாள். தலைமையாசிரியர் கூட்டத்தில் அவள் கருத்தைக் கேட்டார்கள். பத்து வருடம் வணக்கம்கூடச் சொல்லாத சக ஆசிரியர் சௌக்கியமா என்றார். எல்லோரும் இதை நல்ல செய்தியாகத்தான் கேட்பார்கள். அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. கணக்கு அப்போதும் அதே கணக்குத்தான், நான் அப்போதும் நான்தான், என்றாள். எடை குறைந்தவர்களிடம் இந்தக் கோபத்தை நான் பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது என்பது என் எண்ணம். மரியாதை இப்போது கிடைப்பதில் வருத்தம் இல்லை, இதற்கு முன்னால் ஏன் கிடைக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் அவளும் ஒரு தப்புச் செய்தாள். ஸ்டாஃப் ரூமில் பதினான்கு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் கெமிஸ்ட்ரி டீச்சர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே எடை. ஒரே பஜ்ஜியைப் பிய்த்துச் சாப்பிட்டு, பேருகாலம், மாமனார் சாவு, பிள்ளைகள் பரீட்சை எல்லாம் பேசி வளர்ந்த நட்பு. அக்கா பதினைந்து கிலோ குறைத்த நாளில் அந்த டீச்சர் சிரித்துக்கொண்டே, "நீ இனிமே எங்க கட்சி இல்லை" என்றிருக்கிறார். சில வாரம் கழித்து அக்கா அவர் டிபன் பாக்ஸைப் பார்த்து, "அந்த வடையில எவ்வளவு எண்ணெய்னு தெரியுமா?" என்று கேட்டாள். அன்பில்தான் கேட்டாள், சந்தேகமே இல்லை. ஆனால் இருபது வருடமாக மற்றவர்கள் அவள் தட்டைப் பார்த்துக் கேட்ட அதே கேள்விதான் அது. மறுநாளிலிருந்து அந்த டீச்சர் ஜன்னல் ஓரத்து மேசைக்குப் போய்விட்டார். கால் விழுந்தபோது போனில் விசாரித்தார். வீட்டுக்கு வரவில்லை.

இப்போது

2023 டிசம்பரில் அக்கா 61 கிலோவுக்கு வந்தாள், இந்த முறை மாதத்துக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான வேகத்தில். 2024 நவம்பரில் 63.5. ஏறிய இரண்டரைக் கிலோவுக்காக அவள் மனம் நொந்தபோது, 2016இல் கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட கணக்கைச் சொன்னேன். தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் ஏராளமாக எடை குறைத்த 14 பேரை அவர் குழு ஆறு வருடம் கழித்துப் பார்த்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. உடம்பு பழைய எடையை மறக்கவில்லை, பசியை அதிகமாக அனுப்பிக்கொண்டும் செலவைக் குறைத்துக்கொண்டும் இருக்கிறது. இரண்டரைக் கிலோவோடு நிற்பது பெரிய காரியம். அவள் அந்த 500ஐ நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

பாதத்தின் பலம் இப்போது முழுசாக இருக்கிறது. மேல்கையில் தோல் தொங்குகிறது, வெயில்காலத்தில் அடிவயிற்று மடிப்பில் புண் வருகிறது, ரவிக்கைக் கையை முழங்கைவரை தைத்துக்கொள்கிறாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கும்போது, இடம் தாராளமாக இருந்தும், இன்னும் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கிறாள். மனதுக்குள் இருக்கும் உடம்பு இன்னும் 91 கிலோதான். என்னிடம் எடை குறைக்கப் போகிறேன் என்று வருகிறவர்களிடம் இப்போது முதல் நாளே மாத்திரைப் பட்டியலை வாங்கிப் பார்க்கிறேன், எப்படி உட்காருவீர்கள் என்று கேட்கிறேன், வீட்டில் யார் சமைக்கிறார்கள், யாரோடு டீ குடிப்பீர்கள் என்றும் கேட்கிறேன். கடைசிக் கேள்விக்குச் சிலர் விழிக்கிறார்கள்.

இதை எழுதி முடித்ததும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். எண்களை மட்டும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கெமிஸ்ட்ரி டீச்சர் பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"வடையைப் பத்தி நான் சொன்னதையும் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். "சரி, இருக்கட்டும்" என்றாள்.